இரண்டாவது தாள்

கம்பெனி கேட்டில் பைகளைச் சோதிப்பது என் வேலை இல்லை. அதற்குச் செக்யூரிட்டி எட்மண்ட் இருக்கிறார். ஆனால் எட்மண்டுக்கு எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் உண்டு. சிரிக்கிற ஆளால் ஒழுங்காகச் சோதனை போட முடியாது என்பது என் அபிப்பிராயம். அதனால் ஷிப்ட் முடியும் ஐந்தரை மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் அறையைப் பூட்டிவிட்டு நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. நிற்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. நான்கு பவர் பிரஸ், இருபத்திரண்டு பேர். இரும்புத் தகட்டை அடித்து வளைத்து, வண்டிகளுக்கும் பம்புகளுக்கும் போகிற பிராக்கெட்டுகள் செய்கிறோம். அடித்த பொருள் அளவில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். பன்னிரண்டு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஒரே அளவை இரண்டு தடவை எடுக்காமல் நான் எதையும் நம்ப மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன். என் வீட்டுக்காரர் இதைக் கிண்டல் செய்து செய்து அலுத்துப்போய்விட்டார்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு கிளாம்ப் ஆர்டர் கைநழுவிப் போனது. இரண்டே மாதத்தில் அதே கிளாம்பை, அதே வளைவு அதே துளைகளோடு, இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாதிரியை வெளியே கொடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து முதலாளி ராகவன் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செல்போனைக் காலையிலேயே கேட்டில் கொடுத்துவிட வேண்டும். உள்ளேயிருந்து ஒரு துண்டுத் தாள்கூட வெளியே போகக் கூடாது.

இந்த நிலைமையில்தான் அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வேம்புலியின் பையிலிருந்து இரண்டு தாள்கள் வந்தன.

வேம்புலி மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறவன். மேனாம்பேட்டில் எங்கள் தெருவிலேயே, எங்களுக்கு நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். அவன் மகள் காவ்யாவும் என் மகள் கவிப்பிரியாவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே இரண்டாம் வகுப்பு. காலையில் இரண்டு பேரையும் தன் வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் அவன் கம்பெனிக்கு வருவான். தெருவில் என்னை அக்கா என்பான். கேட்டுக்கு உள்ளே வந்தால் மேடம்.

பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. துண்டுக்குள் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட தாள்கள். எட்மண்ட் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் வாங்கிப் பிரித்தேன்.

போன வாரம்தான் அடிக்க ஆரம்பித்த புது பிராக்கெட். தகட்டின் மேல் தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்திருக்கிறான். ஓரத்து வளைவு, நடுவில் புடைத்திருக்கும் வரி, ஐந்து துளைகள், எல்லாம் அச்சு எடுத்ததுபோல் தாளில் விழுந்திருந்தன. ஒன்று கறுப்பு. இன்னொன்று ஊதா.

"இன்னா வேம்புலி இது?" என்றேன்.

"பாப்பாவோட ஓம்ஒர்க்கு மேடம். ஸ்கூல்ல கேட்டுக்கீறாங்க."

"ஸ்கூல்ல பிராக்கெட்டா கேட்டாங்க?"

"அப்பா வேலை செய்ற எடத்துலேர்ந்து எதுனா ஒண்ண தேச்சி எட்தாரச் சொன்னாங்களாம். படம் வரையிற கிளாசுக்கு."

"சரி. ஒண்ணு பாப்பாவுக்கு. ரெண்டாவது யாருக்கு?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இன்னொன்று எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்கூடச் சொல்ல வரவில்லை அவனுக்கு. பொய் சொல்லத் தெரியாதவன் எதையோ மறைக்கிறான் என்றால் அது பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று என் புத்தி கணக்குப் போட்டது.

"வாய்ல இன்னா வச்சிகினு கீற? கேக்கறேன்ல," என்றேன்.

"உடுங்க மேடம்," என்றான். அவ்வளவுதான்.

தாள்களை நானே வைத்துக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்த இரண்டு கிரேயான்களையும் வாங்கிக்கொண்டேன். எட்மண்ட் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "நல்ல புள்ள மேடம் அவன்," என்று மெதுவாகச் சொன்னார். நல்ல பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்ளாமல் செய்வார்கள் என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

வெர்னியர் அளவுகோலை எடுத்து அந்தத் தாளில் இருந்த துளைகளை அளந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அளந்தேன். ஐந்து துளையும் சொல்லிவைத்ததுபோல் இருந்தன. செல்போனைப் பிடுங்கிவிட்டோம், போட்டோ எடுக்க முடியாது, அதனால் ஒருவன் கிரேயானால் தேய்த்து எடுத்துக்கொண்டு போகிறான். என்ன சாமர்த்தியம் என்று எனக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகவும் இன்னொரு பக்கம் ஆச்சரியமாகவும் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் கவிப்பிரியாவிடம் நைசாகக் கேட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"கவி, ஹில்டா மிஸ் படம் வரையற ஹோம்வொர்க் ஏதாவது குடுத்தாங்களா?"

பென்சில் நின்றது. "இல்லையேம்மா."

"தேய்ச்சு எடுக்கற மாதிரி எதுவும்?"

"இல்லைம்மா." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

டைரியை எடுத்துப் பார்த்தேன். வாய்ப்பாடு, தமிழ்ப் பாடம் இரண்டு பக்கம், அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஒரே வகுப்புப் பிள்ளை. என் மகளுக்கு இல்லாத ஹோம்வொர்க் அவன் மகளுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? அன்று ராத்திரி எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் திருப்தியும் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வேம்புலி வழக்கம்போல் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். கவிப்பிரியா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பிள்ளையை மட்டும் அனுப்பிவைத்தேன். அவன் வண்டியில் என் மகளை ஏற்றி அனுப்புவதற்கு எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தயக்கம் வரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ராகவன் சார் இரண்டு தாளையும் மேஜையில் விரித்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேம்புலியைக் கூப்பிட்டு அவரும் அதே கேள்வியைக் கேட்டார். இரண்டாவது யாருக்கு? அவன் அவரிடமும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குப் போ, சொல்லி அனுப்பும்போது வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

பிறகு என்னிடம் சொன்னார்: "வனஜா, நீ இதை முறையா எழுதிக் குடும்மா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என் மேஜைல இருக்கணும். நீ எழுதிட்டா நான் யோசிக்க மாட்டேன். அவன் கணக்கை முடிச்சுடறேன். எஸ்டேட் ஓனர்ஸ் குரூப்லயும் பேரைப் போட்டுடறேன். அப்புறம் எவனும் அவனை உள்ள விடமாட்டான்."

அது வெறும் மிரட்டல் இல்லை. அந்த வாட்ஸாப் குரூப்பில் பேர் வந்துவிட்டால் அம்பத்தூரில் மட்டுமில்லை, ஆவடி வரைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில்கூட அவனை நிற்கவிட மாட்டார்கள். வேம்புலிக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். வலது கையில் ஒரு விரல் நுனி இல்லாத ஆளுக்கு வேறு எந்த இடத்தில் வேலை கொடுப்பார்கள்? அந்த விரல் போனதும் இங்கேதான், வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம்.

நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். தேதி, நேரம், சாட்சி எட்மண்ட். கைப்பற்றப்பட்டவை: தாள் இரண்டு, கறுப்புக் கிரேயான் ஒன்று, அடியில் பிளாஸ்திரி சுற்றிய ஊதாக் கிரேயான் ஒன்று. மகளின் ஹோம்வொர்க் என்று கூறினார். அதே வகுப்பில் படிக்கும் மாணவியிடம் விசாரித்ததில் அப்படி எதுவும் தரப்படவில்லை எனத் தெரிகிறது. இரண்டாவது தாள் யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. மனசு இளகி இல்லை, பழக்கம். ஒரு அளவுதான் எடுத்திருக்கிறேன், இரண்டாவது எடுக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை சொன்னதை வைத்து ரிப்போர்ட் எழுதினாள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஹில்டா மிஸ்ஸிடம், அப்படி ஹோம்வொர்க் எதுவும் நான் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் யாரும் அசைக்க முடியாது. பர்மிஷன் போட்டுவிட்டு, தாள்களை ஒரு கவரில் வைத்துக்கொண்டு, மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இரண்டாம் வகுப்புக்கு ஓவியம். அந்தப் பள்ளியில் ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. வகுப்பு டீச்சரான ஹில்டா மிஸ்தான் தனக்குத் தோன்றியதையெல்லாம் செய்யவைப்பார். நான் போய் நின்றபோது பிள்ளைகள் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நூலைச் சாயத்தில் முக்கி, தாளை மடித்து அதற்குள் வைத்து, சரக்கென்று இழுத்தார்கள். பிரித்தால் உள்ளே ஒரு பூவோ பூச்சியோ இருக்கும். அறை முழுக்க ஒரே கூச்சல்.

ஹில்டா மிஸ் என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண். மூக்கு நுனியில் பச்சைச் சாயம் இருந்தது.

"கவிப்பிரியா அம்மாதானே? சொல்லுங்க. இந்த நூலெல்லாம் வீட்லேர்ந்து கேக்கலை. நானே வாங்கிட்டு வந்தேன்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜூலையில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பூ அச்சு வைக்கச் சொன்னபோது, சாப்பிடும் பொருளை வீணாக்க வேண்டாம் என்று டைரியில் எழுதி அனுப்பியது நான்தான். ஆகஸ்டில் கட்டைவிரல் ரேகையைப் பதித்து அதற்குக் கால் வரைந்து எறும்பாக்கச் சொன்னார். பிள்ளைகளின் ரேகை எதற்கு, அந்தத் தாள்களை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதியதும் நான்தான். இந்த அம்மாள் எதையும் மறக்கவில்லை.

"புகார் இல்ல மிஸ். ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். பிள்ளைங்களுக்கு எதையாவது கிரேயான்ல தேய்ச்சு எடுத்துட்டு வரச் சொன்னீங்களா?"

"ஆமா. போன வெள்ளிக்கிழமை சொன்னேன்."

"டைரியில இல்லையே."

"ஓவியத்துக்கு நான் டைரில எழுதறதில்லைங்க. கிளாஸ் குரூப்ல போட்டுடுவேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க அதுல இல்ல. நம்பர் எல்லாருக்கும் தெரியுதுன்னு வெளிய போயிட்டீங்க."

அது உண்மைதான். அவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பின்சுவரைக் காட்டினார். நான்கு சார்ட் தாளை ஒட்டிப் பெரிதாக்கி, மேலே 'எங்க ஊரு எப்படி வேலை செய்யுது' என்று எழுதியிருந்தது. அதன் கீழே கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் கொண்டுவந்தவை. இட்லிக் கடைக்காரர் மகள் இட்லித் தட்டின் துளைகளைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஆட்டோ ஓட்டுபவரின் மகன் வண்டி டயரின் பட்டைகளை. பியூட்டி பார்லர் அம்மாவின் சீப்பு. தையற்காரரின் மிஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் தகடு. கொத்தனார் பிள்ளை, அப்பா பூசிய சொரசொரப்பான சுவரையே தேய்த்துக்கொண்டு வந்திருந்தான். அது ஒரு பக்கம் முழுக்கச் சிமெண்ட் நிறத்தில் மேகம்போல் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளையின் கையெழுத்தில் பெயர்.

"இந்த வயசுல படம் வரையச் சொன்னா, எனக்கு வரலை மிஸ்னு பாதிப் பேரு அழுதுடுவாங்க," என்றார் ஹில்டா மிஸ். "தேய்க்கறது எல்லாருக்கும் வரும். தேய்க்கத் தேய்க்க அதுவா வெளிய வரும். அப்பா அம்மா கை படற பொருளைத் தொட்டுப் பாத்த மாதிரியும் இருக்கும்."

கடைசி வரிசையில் இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. அடுத்தடுத்து. ஒன்றின் கீழே காவ்யா. இன்னொன்றின் கீழே கவிப்பிரியா.

"இவங்க ரெண்டு பேரும் நேத்தே குடுத்திருக்கணும்," என்றார் அவர். "கேட்டா, வேம்புலி மாமா ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்துட்டு வராருன்னு உங்க பொண்ணு சொன்னா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனியாமே."

கையிலிருந்த கவரை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஊதா. என் மகளுக்கு எதை வரைந்தாலும் ஊதாதான். கிரேயான் அடிக்கடி உடைகிறது என்று போன மாதம் அதன் அடியில் பிளாஸ்திரி சுற்றிக் கொடுத்தது நான். என் கையால் சுற்றிய பிளாஸ்திரியை என் கையாலேயே கைப்பற்றி, என் கையெழுத்திலேயே ரிப்போர்ட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தால் கண்டுபிடிக்கிற கண் எனக்கு.

கவிப்பிரியா அதற்குள் என்னைப் பார்த்துவிட்டாள். மற்ற பிள்ளைகளின் அம்மா வந்தால் அவர்கள் ஓடி வருவார்கள். இவள் ஓடி வரவில்லை. புத்தகப் பையை இழுத்து மடியில் வைத்து, ஜிப்பைத் திறந்து, நான் கேட்பதற்கு முன்பே உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைக்க ஆரம்பித்தாள். நோட்டு, பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏன்டி என்கிட்ட கேக்கலை? அம்மாவும் அதே கம்பெனிதானே."

"யாரு கேட்டாங்க, எதுக்கு கேட்டாங்கன்னு நீ கேப்ப."

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே."

"அப்புறம் கிழிச்சிடுவ."

பதினைந்து நாளைக்கு முன்னால் அவள் எங்கள் வீட்டை வரைந்திருந்தாள். என் வீடு என்பது தலைப்பு. எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, பீரோ சாவி ஃபிரிட்ஜ் மேலே டப்பாவுக்குள் இருப்பதையும் ஒழுங்காக வரைந்திருந்தாள். எவன் கண்ணிலாவது பட்டால் என்ன ஆவது என்று நான் அந்தத் தாளை நான்காகக் கிழித்தேன். வேறு வரைந்து கொடு என்றேன். அவள் அன்று அழவில்லை. அதனால் நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

"வேம்புலி மாமாகிட்ட என்ன சொன்ன?"

"எனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னேன். மாமா சரின்னாரு." பிறகு தயங்கிக் கேட்டாள்: "மாமா உன்கிட்ட சொல்லிட்டாரா?"

"சொல்லலை," என்றேன். "அவர் யார்கிட்டயும் சொல்லலை."

கம்பெனிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் என் புத்தி வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹோம்வொர்க் உண்மைதான், மிஸ்ஸே சொல்லிவிட்டார். இரண்டாவது தாள் சும்மா கூடுதலாக எடுத்தது என்று முடித்துவிடலாம். வேம்புலியின் வேலையும் தப்பும், என் மானமும் தப்பும். அவன் காட்டிக்கொடுக்கவும் மாட்டான். ஆனால் இரண்டாவது யாருக்கு என்று இருபது பேர் முன்னால் கேட்டது நான். சாரும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் போகாவிட்டால் அது அவன் தலைமேல் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த ஆர்டர் எது கைநழுவினாலும் முதலில் அவனைத்தான் பார்ப்பார்கள்.

ராகவன் சார் கிளம்பத் தயாராக இருந்தார். நான் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்போ ரெண்டாவது உன் பொண்ணுக்கு," என்றார்.

"ஆமா சார்."

"உன் பொண்ணுக்கு வேணும்னா நீ எடுத்துட்டுப் போயிருக்கலாமே. எதுக்கு அவன் பைல போகுது?"

"அவ என்கிட்ட கேக்கலை சார்."

"ஏன்?"

"பயம் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் தினமும் ஐந்தரை மணிக்குப் பார்க்கிற பார்வை. பன்னிரண்டு வருஷம் ஒரு பெட்டிகூடத் திரும்பி வராதபடி வேலை செய்தவளை அவர் அப்படிப் பார்த்தார். எனக்கு முகம் எரிந்தது.

"சரி, அவன் திங்கக்கிழமை வரட்டும்," என்றார். இரண்டு தாளையும் அவரே கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "ஆனா ஒண்ணு. இனிமே கேட்ல எல்லார் பையும் கொட்டிப் பாக்கணும். எல்லார்னா ஸ்டாஃபும்தான். எட்மண்டு பாத்துப்பாரு. நீ அங்க நிக்க வேணாம்."

சாயங்காலம் வேம்புலி வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி சரசா என்னைப் பார்த்ததும் வா என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

"திங்கக்கெழம வந்துடு வேம்புலி. சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றேன்.

"சரிங்கக்கா."

"நீ என்கிட்ட தனியா வந்தாவது சொல்லியிருக்கலாம்ல. கவிக்குன்னு ஒரு வார்த்த."

அவன் துணியில் கையைத் துடைத்தான். "பாப்பா சொல்லாதீங்கன்னுச்சுக்கா. கொயந்த கையில சரின்னு சொல்ட்டு அப்பால எப்டி சொல்றது. அதுவும் இல்லாம, கேட்டாண்ட அத்தினி பேர் நிக்கசொல்ல, ஒம்பொண்ணுக்குத்தான்னு நான் சொன்னா ஒனக்கு எப்டி இருந்துருக்கும்."

"வேலை போயிருக்குமேடா."

"போயிருக்கும்," என்றான். "நானும் அத்த நெனச்சிதான் நேத்து ராவெல்லாம் தூங்கல." அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம் இருந்தது. அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் சங்கிலியைச் சுற்றிவிட்டுக்கொண்டே, உடுக்கா என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கவிப்பிரியாவும் தரையில் உட்கார்ந்தோம். என் கைப்பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று இருக்கும். என் சொந்த ஸ்கேல், வேலையில் தினமும் கையில் இருப்பது. அதன் மேல் தாளை வைத்து நான் திருப்பிக் கொடுத்த ஊதாக் கிரேயானை அவள் படுக்கவைத்துத் தேய்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சின்னச் சின்னக் கோடுகள், எண்கள், மூலையில் இருக்கும் துளை. தேய்க்கத் தேய்க்க அவள் நாக்கு வெளியே வந்தது. அவள் அப்படி ஒன்றைச் செய்வதை நான் அதுவரை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எதற்கு, யார் கேட்டார்கள் என்று கேட்பதோடு என் வேலை முடிந்துவிடும். காவ்யாவுக்கு வேம்புலி தன் சேஃப்டி ஷூவின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கொடுத்தானாம். மேனாம்பேட்டிலேயே அழகான படம் அதுதான் என்று கவிப்பிரியா சொன்னாள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்கு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு அடுத்தது வேம்புலி. எட்மண்ட் சிரிக்க முயன்றார், வரவில்லை. "சார் சொல்லிக்கீறாரு மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார்.

மேஜைமேல் கைப்பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, ஸ்கேல், சீப்பு, பழைய பில்கள். அவற்றோடு நான்கு காகிதத் துண்டுகளும் விழுந்தன. கவிப்பிரியா வரைந்த வீடு. குப்பையில் போட்டால் யாராவது ஒட்டவைத்துப் பார்த்துவிடுவார்கள் என்று அதைப் பைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தேன்.

உள்ளேயிருந்து தாள் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். எட்மண்ட் தன் கடமையைச் செய்தார். துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துவைத்தார். வீடு வந்தது. ஃபிரிட்ஜ் வந்தது. அதன் பக்கத்தில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரிதாக ஒரு அம்மா நின்றாள்.

"இன்னா மேடம் இது, மேல ஒரு டப்பா கீது, அதுக்குள்ள சாவியா?" என்று அவர் குனிந்து பார்த்தார். பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். வேம்புலி ஓரடி தூரத்தில்தான் நின்றான். அவன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டு முடிக்கும்வரை, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.